அழுத்தத்தை ஏற்றுவது தழும்பு மட்டுமா? போர்ட்டல் மிகையழுத்தத்தில் நோயெதிர்ப்புச் செல்கள்

கழுத்துச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலது மேலறையைக் கடந்து, கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன். பலூன் சுருங்கியிருக்கும்போது ஓர் அளவு எடுக்கிறார்கள். அதை ஊதிச் சிரையை அடைத்துவிட்டு இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆரோக்கியமானவருக்கு 1 முதல் 5 மி.மீ. பாதரசம். அது 10-ஐத் தொட்டால் வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் தொடங்குகிறது. 12-ஐத் தாண்டினால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புடைத்து நிற்கும் சிரைகள் வெடித்து இரத்த வாந்தி வரலாம். கையில் பட்டை கட்டி 120, 130 என்று அளந்து பழகிய நமக்கு இவை அற்ப எண்கள். கல்லீரல் மருத்துவரோ 9-க்கும் 11-க்கும் நடுவில் நோயாளியின் எதிர்காலத்தையே பார்க்கிறார்.

இந்த அளவு மறைமுகமாகச் சொல்வது போர்ட்டல் சிரையின் அழுத்தத்தை. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தமெல்லாம் இந்த ஒரே சிரையில் திரண்டு கல்லீரலுக்குள் நுழைகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் கல்லீரல் வழியாகப் போகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை கொண்டுவருவது. மது, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, கொழுப்புக் கல்லீரல் என எந்தக் காரணத்தாலாவது கல்லீரல் தழும்பேறிச் சிரோசிஸ் நிலைக்குப் போனால், மதகு அடைபட்ட ஏரியைப் போல இரத்தம் பின்னுக்குத் தேங்குகிறது. மண்ணீரல் வீங்குகிறது, வயிறு உப்புகிறது, இரத்தம் புதுக் கிளைவழி தேடி உணவுக்குழாய்ச் சிரைகளில் ஏறுகிறது.

பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் இதை வெறும் குழாய்ப் பிரச்சினையாகவே சொல்லிக்கொடுத்தன. ஆனால் தழும்பு என்பது நாளுக்கு நாள் மாறாதது. போர்ட்டல் அழுத்தமோ மாறுகிறது. சாப்பிட்டால் ஏறுகிறது, கிருமித்தொற்று வந்தால் ஏறுகிறது, மதுவை நிறுத்தினால் தழும்பு கரைவதற்கு முன்பே இறங்குவதும் உண்டு. 1985-இல் மெல்போர்னில் பாத்தல், கிராஸ்மன் என்ற இருவர் சிரோசிஸ் வந்த எலிகளின் கல்லீரலைத் தனியே எடுத்து, அதன் வழியே திரவம் ஓடவிட்டு, இரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்துகளைக் கலந்தார்கள். ஓட்டத்துக்கு இருந்த எதிர்ப்பு குறைந்தது. தழும்பு இருந்தபடியே இருக்க, அடைப்பின் ஒரு பகுதி அவிழ்ந்துவிட்டது. கல்லீரல் எதிர்ப்பின் அதிகரிப்பில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் வரை இப்படி இறுக்கத்தால் வருவது என்று இன்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் இறுக்குவது யார், இறுக்கச் சொல்வது யார்?

முதல் கேள்விக்கு விடை, கல்லீரலின் நுண்குழாய்களை வெளியிலிருந்து அணைத்து இறுக்கும் ஸ்டெல்லேட் செல்கள். இரண்டாவது கேள்விதான் நம்மை நோயெதிர்ப்புச் செல்களிடம் கொண்டுவந்து விடுகிறது.

சோறு, குழம்போடு சேர்த்துக் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களின் துண்டுதுணுக்குகளும் ஓயாமல் போர்ட்டல் இரத்தத்தில் கலக்கின்றன. அவை உடல் முழுவதும் பரவாமல் வடிகட்டும் வேலை கல்லீரலுடையது. அதனால்தான் உடலின் திசுக்களில் நிலைகொண்டிருக்கும் மாக்ரோஃபேஜ்களில், அதாவது கிருமிகளை விழுங்கும் பெருஞ்செல்களில், பெரும்பகுதி கல்லீரலில் குடியிருக்கிறது. சைனுசாய்டு எனப்படும் நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஓடும் இரத்தத்துக்குள் கைகளை நீட்டி நிற்கும் இவற்றுக்குக் குப்ஃபர் செல்கள் என்று பெயர்.

1876-இல் கார்ல் வில்ஹெல்ம் ஃபன் குப்ஃபர் தங்கக் குளோரைடு சாயத்தில் கல்லீரலைத் தோய்த்து, நட்சத்திர வடிவச் செல்களைக் கண்டார். 1898-இல் அவரே, இவைதான் இரத்தத்தில் செலுத்திய துகள்களை விழுங்கும் செல்கள் என்று எழுதினார். அவர் பெயர் விழுங்கும் செல்களுக்கு நிலைத்துவிட்டது. 1971-இல் ஜப்பானியரான கென்ஜிரோ வாகே மறுபடி அதே தங்கச் சாயத்தைப் போட்டுப் பார்த்து, குப்ஃபர் முதலில் கண்டது விழுங்கும் செல்லே இல்லை, வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேமிக்கும் ஸ்டெல்லேட் செல் என்று நிறுவினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒன்றாக எண்ணப்பட்ட இந்த இரண்டு செல்களும் அண்டை வீட்டுக்காரர்கள். நுண்குழாய்ச் சுவரின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் மற்றொன்று. போர்ட்டல் மிகையழுத்தத்தின் கதையில் பாதி இவ்விருவருக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தைதான்.

அந்தப் பேச்சு எவ்வளவு வேகமானது என்பதை மியூனிக் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். எலிகளுக்கு ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் சைமோசான் என்ற பொருளைச் செலுத்தினார்கள். குப்ஃபர் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்துக் கிளர்ந்தெழும். போர்ட்டல் அழுத்தம் நிமிடக் கணக்கில் ஏறியது. தழும்பேறிய கல்லீரலில் இன்னும் கூடுதலாக ஏறியது. காரணம் குப்ஃபர் செல்கள் வெளியிட்ட திராம்பாக்சேன் ஏ2. குழாய்களைச் சுருக்குவதில் கைதேர்ந்த பொருள் அது. அதன் வேலையைத் தடுத்தால் அழுத்தம் அவ்வளவாக ஏறவில்லை. புதுத் தழும்பு ஒரு நூலிழைகூட உருவாக முடியாத நேரத்துக்குள் நடந்துமுடிந்த மாற்றம் இது.

சிரோசிஸ் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவருக்கு இதில் ஒரு பழைய புதிர் அவிழும். மாதக்கணக்கில் அமைதியாக இருந்த சிரை ஏன் திடீரென்று ஒரு நாள் வெடிக்கிறது? 1999-இல் லண்டனில் ஆண்ட்ரூ பரோசும் சகாக்களும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: கிருமித்தொற்று இரத்தப்போக்கின் பின்விளைவு மட்டுமல்ல, பல வேளைகளில் அதுவே தூண்டுகோல். தொற்று வந்ததும் குப்ஃபர் செல்கள் கிளர்கின்றன, ஸ்டெல்லேட் செல்கள் இறுகுகின்றன, அழுத்தம் எகிறுகிறது, ஏற்கெனவே மெலிந்திருந்த சிரைச்சுவர் கிழிகிறது. இரத்த வாந்தியோடு வரும் சிரோசிஸ் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இறப்பும் மறு இரத்தப்போக்கும் குறைகின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி.

கிளர்ச்சி அழுத்தத்தின் விளைவா, காரணமா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. குப்ஃபர் செல்கள் கிளரும்போது சிடி163 என்ற புரதம் அவற்றின் மேற்பரப்பிலிருந்து அறுந்து இரத்தத்தில் கலக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் ஆய்வாளர்கள் அதை அளந்தபோது போர்ட்டல் அழுத்தம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதலாக அதுவும் இருந்தது. பிறகு அந்த நோயாளிகளின் கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து இரத்தத்துக்கு நேர்வழி அமைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். அழுத்தம் இறங்கியது, சிடி163 இறங்கவில்லை. அழுத்தம்தான் செல்களை எரிச்சலூட்டுகிறது என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். இதை முழு நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. இதயம் பழுதாகி இரத்தம் கல்லீரலில் தேங்கும்போது நுண்குழாய்ச் சுவர்கள் இழுபடுகின்றன. மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இழுவிசையே உட்சுவர்ச் செல்களைத் தூண்டி சிஎக்ஸ்சிஎல்1 என்ற அழைப்புப் பொருளைச் சுரக்க வைக்கிறது என்று கண்டார்கள். அழைப்பை ஏற்று வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். அவை தங்கள் டிஎன்ஏ-வையே வலையாக விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கும் குணம் கொண்டவை. இங்கே கிருமி இல்லை. வலையில் தட்டணுக்கள் சிக்கி நுண்ணிய இரத்தக்கட்டிகள் உருவாகின்றன, நுண்குழாய் அடைபடுகிறது, அழுத்தம் மேலும் ஏறுகிறது. வலை விரிக்கத் தேவையான நொதி இல்லாத எலிகளில் அழுத்தம் குறைவாகவே இருந்தது. அழுத்தம் செல்லை அழைக்க, செல் அழுத்தத்தைக் கூட்டும் சுழல் இது.

இதுவரை சொன்னது கல்லீரலுக்குள் நடப்பது. வெளியே, குடலைச் சுற்றிய இரத்தக்குழாய்களில் நேர்மாறான காரியம் நடக்கிறது: அங்கே குழாய்கள் அளவுக்கு மீறித் தளர்ந்து, போர்ட்டல் சிரைக்குள் பாயும் இரத்தத்தின் அளவே கூடிவிடுகிறது. சிரோசிஸில் குடலின் சுவர் கசிகிறது. பாக்டீரியாக்கள் அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குள் நுழைகின்றன. அங்கிருக்கும் செல்கள் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்க, குழாய்ச்சுவர்கள் நைட்ரிக் ஆக்சைடை மிகையாக உற்பத்தி செய்கின்றன. நிணநீர்க்கணுவில் பாக்டீரியா இருந்த சிரோசிஸ் எலிகளில் இந்தத் தளர்வு கூடுதல் என்று 1999-இல் வீஸ்ட் குழுவினர் காட்டினார்கள்.

அப்படியானால் குடல் பாக்டீரியாவைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். 2003-இல் மெல்போர்னில் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தக்குழாய்த் தளர்வு ஓரளவு சீரானது. 2017-இல் டென்மார்க்கில் ரிஃபாக்சிமின் கொடுத்துப் பார்த்தார்கள். போர்ட்டல் அழுத்தம் அசையவில்லை. ஆய்வகத்தில் நேர்க்கோடாகத் தெரிந்த காரண காரியம் படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் வளைந்து நெளிந்துவிடுகிறது.

நோயெதிர்ப்புச் செல்களே நேரடியாகப் போர்ட்டல் மிகையழுத்தத்தை உண்டாக்கும் நோய் ஒன்று வேண்டுமென்றால் எகிப்துக்குப் போக வேண்டும். 1851-இல் கெய்ரோவின் கஸ்ர் அல் ஐனி மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த தியோடர் பில்ஹார்ஸ் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர், போர்ட்டல் சிரையின் இரத்தத்தில் புழுக்களைக் கண்டார். இன்று ஷிஸ்டோசோமா என்று வழங்கும் இந்தப் புழுக்களின் இளம்பருவம் நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிப்பட்டு, வாய்க்காலில் இறங்கும் உழவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. மன்சோனி என்ற இனம் குடலைச் சுற்றிய சிரைகளில் ஆணும் பெண்ணும் இணைந்தபடியே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. பெண் புழு நாளுக்குச் சுமார் 300 முட்டை இடுகிறது. முட்டைகள் குடற்சுவரைத் துளைத்து மலத்தோடு வெளியேற வேண்டும்; அதுதான் அவற்றின் வழி. ஆனால் ஒரு பங்கு முட்டைகளை இரத்த ஓட்டம் கல்லீரலுக்கு அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு நீளம், பக்கவாட்டில் ஒரு முள். நுண்குழாய்களுக்குள் நுழைய முடியாத பருமன். ஆகவே போர்ட்டல் சிரையின் கடைசிக் கிளைகளில், கல்லீரல் செல்களுக்கு முந்தைய வாசலில் முட்டை சிக்கிக்கொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது: முட்டை மட்டும் குழாயை அடைத்தால் சேதம் சொற்பம். அதைச் சுற்றி டி செல்கள், இயோசினோஃபில்கள், மாக்ரோஃபேஜ்கள் அடுக்கடுக்காகத் திரண்டு, முட்டையைப் போலப் பலமடங்கு பெரிய உருண்டையைக் கட்டுகின்றன. கிரானுலோமா எனப்படும் அந்த உருண்டை பின்னர் நாராகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி ஆயிரமாயிரம். 1904-இல் கெய்ரோவில் நோய்க்கூறு இயல் பேராசிரியராக இருந்த சிம்மர்ஸ், அப்படிப்பட்ட கல்லீரலை வெட்டிப் பார்த்து, வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் தண்டுகளை நாலாபுறமும் செருகியது போலிருக்கிறது என்று வருணித்தார். அந்த வருணனை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இந்த நோயாளியின் நிலை விசித்திரமானது. கல்லீரல் செல்களுக்குப் பெரிய கேடில்லை; காமாலை இல்லை, புரத உற்பத்தியும் ஏறக்குறைய சரியாக நடக்கிறது. ஆனால் மண்ணீரல் தொப்புள் வரை வீங்கி, வாளி நிறைய இரத்த வாந்தி எடுக்கிறார். தொடக்கத்தில் சொன்ன பலூன் அளவீடு இவரிடம் கிட்டத்தட்ட இயல்பாகவே வரும், ஏனென்றால் அடைப்பு பலூன் எட்டும் இடத்துக்கு முன்னாலேயே இருக்கிறது.

சரி, இந்த அதிகப்பிரசங்கி டி செல்களை நீக்கிவிட்டால் என்ன? டி செல் இல்லாத எலிகளுக்கு இப்புழுவை ஏற்றிப் பார்த்தார்கள். கிரானுலோமா சரியாக உருவாகவில்லை. எலிகள் பிழைத்தனவா என்றால் இல்லை. முட்டையிலிருந்து கசியும் நச்சு கல்லீரல் செல்களைக் கொன்றது, எலிகள் முன்னதாகவே செத்தன. முட்டையைச் சிறையிடுவது உயிர்காக்கும் வேலை. கேடு, சிறை கட்டியதில் இல்லை, சுவரை எழுப்பிக்கொண்டே போனதில் இருக்கிறது. 1999-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இன்டர்லூகின்-13 என்ற ஒற்றைச் சமிக்ஞையை மட்டும் எலிகளில் தடுத்தார்கள். கிரானுலோமாவின் அளவு குறையவில்லை, தழும்பு மட்டும் வெகுவாகக் குறைந்தது. காவலை வைத்துக்கொண்டே கேட்டைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து.

எகிப்தின் கதையில் ஒரு கசப்பான பின்னிணைப்பு உண்டு. இந்தப் புழுவை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசு கிராமம் கிராமமாக ஆன்டிமனி ஊசி போட்டது. சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவியது. ஒரு போர்ட்டல் மிகையழுத்தத்தைத் தடுக்கப் போய் இன்னொன்றை விதைத்தார்கள். பிராசிகுவாண்டெல் மாத்திரை வந்தபின் ஊசி நின்றது. 2018-இல் தொடங்கிய மாபெரும் பரிசோதனை இயக்கம்தான் அந்த வைரஸை ஒடுக்கியது.

இந்தியாவிலும் சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோய் நெடுங்காலமாக உண்டு. வசதி குறைந்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்பட்ட இதற்கு, குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும் குடல் தொற்றுகள் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுவானது. முயல்களின் போர்ட்டல் சிரையில் ஈ.கோலை பாக்டீரியாவைச் செலுத்தி அதே நிலையை உண்டாக்கியும் இருக்கிறார்கள். எச்ஐவி தொற்றியவர்களிடமும், பிறவியிலேயே எதிர்ப்பணுக் குறைபாடு உள்ளவர்களிடமும் இது வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இந்த நோயாளிகளிடம் தட்டணுக்கள் ஒட்டித் திரளாமல் காக்கும் அடாம்ட்ஸ்-13 என்ற நொதி குறைந்திருப்பதைக் கண்டார்கள். கல்லீரலில் அந்த நொதியைத் தயாரிப்பவை நம் பழைய ஸ்டெல்லேட் செல்கள்தாம்.

மருந்து தேடியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் டி செல் இல்லாத எலிகளின் பாடம் மறுபடி மறுபடி திரும்புகிறது. 2003-இல் லண்டனில், மதுவால் கல்லீரல் அழற்சி கண்ட 10 பேருக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்ததும் போர்ட்டல் அழுத்தம் இறங்கியது. நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே பிரான்சில் அதே மருந்தைக் கூடுதல் அளவில் பிரெட்னிசோலோனோடு சேர்த்துச் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று: கடுமையான தொற்றுகள் கூடிவிட்டன. சிரோசிஸ் நோயாளியின் நோயெதிர்ப்பு ஒரே நேரத்தில் மிகையாகவும் கொதிக்கிறது, கிருமியை அழிப்பதில் பலவீனமாகவும் இருக்கிறது. கொதிப்பை அடக்கினால் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பலமும் போய்விடுகிறது. பிறகு, வெளியிலிருந்து கல்லீரலுக்குள் மாக்ரோஃபேஜ்கள் வருவதைத் தடுக்கும் செனிக்ரிவிரோக் என்ற மருந்து தழும்பைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றாம் கட்டச் சோதனையில் பயனில்லை என்று கைவிட்டார்கள்.

ஏன் தோற்றன? 2005-இல் எடின்பரோவில் நடந்த ஒரு சோதனை முன்கூட்டியே விடை சொல்லியிருந்தது. எலிகளின் கல்லீரலில் தழும்பு உருவாகிக்கொண்டிருக்கும்போது மாக்ரோஃபேஜ்களை அழித்தால் தழும்பு குறைந்தது. பாதிப்பை நிறுத்திவிட்டுக் கல்லீரல் தேறிக்கொண்டிருக்கும்போது அதே செல்களை அழித்தால், தழும்பு கரையாமல் தங்கிவிட்டது. நாரைச் செரிக்கும் நொதிகளைத் தருபவையும் மாக்ரோஃபேஜ்களே. கட்டுவதும் இடிப்பதும் ஒரே இனம். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அதே எடின்பரோவில் பின்னர் தலைகீழாக யோசித்து, நோயாளியின் இரத்தத்திலிருந்தே மாக்ரோஃபேஜ்களை வளர்த்து அவருக்கே திருப்பிச் செலுத்தினார்கள். இரண்டாம் கட்டச் சோதனை முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களிடம் கல்லீரல் சார்ந்த சிக்கல்கள் குறைவாக இருந்ததால் முயற்சி கைவிடப்படவில்லை.

நோயெதிர்ப்புச் செல்களைக் குறிவைத்துப் போர்ட்டல் மிகையழுத்தத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை. கைவசம் இருப்பது, 1981-இல் பாரிஸ் அருகே திதியே லெப்ரெக் குழுவினர் இரத்தப்போக்கைத் தடுக்கும் என்று காட்டிய புரோபிரனோலாலும் அதன் இளைய உறவான கார்வெடிலோலும். 2019-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், அழுத்தம் கூடியிருந்தும் சிக்கல்கள் தொடங்காதவர்களுக்கு இவற்றைக் கொடுத்தபோது, நோய் முற்றியோ இறந்தோ போனவர்கள் 27 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். இதயத்துக்கான மாத்திரை என்று பெயர். ஆனால் இவை குடற்கசிவையும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞையின் அளவையும் குறைப்பதை வியன்னா ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே இவற்றின் பயனில் ஒரு பகுதி நோயெதிர்ப்பு வழியாகவே வருகிறது என்று எண்ண இடமுண்டு.

வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குக் காய்ச்சலோ, வயிற்று வலியோ, திடீர்க் குழப்பமோ வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரத்த வாந்தி எடுத்தாலோ, தார் போன்ற கறுத்த மலம் போனாலோ, ஆன்டிபயாடிக்கும் எண்டோஸ்கோப்பியும் சேர்ந்து கிடைக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.